ஏழாம் நம்பர் பொடி

என் கல்யாணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், நான்கு வருட ஆராய்ச்சியில் முக்கால்வாசி ஒரு சொட்டு ஆசிட்டில் பொங்கிப் போனது. அதற்குக் காரணம் நான்தான். வேறு யாரையும் கை காட்ட வழியில்லை. வழி இருந்திருந்தால் நிச்சயம் காட்டியிருப்பேன், அப்படியொன்றும் புனிதை இல்லை நான்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறை, மூன்றாவது மாடி லேப். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து கிரேன்கள் தெரியும். அதில் ஒன்றை என் அப்பா ஓட்டினார். சித்தப்பாமார், மாமாமார் எல்லாரும் வலையும் கப்பலும்தான். முனைவர் பட்டம் வரைக்கும் போன முதல் ஆள் நான். மாதா கோயிலில் பார்க்கிறவர்கள், "இத்தனை வருசமா என்னத்தளா படிக்க?" என்று கேட்டால், "வெயிலை வேலைக்கு வைக்கேன்" என்று சொல்லிவிட்டு நடப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சொன்னது பொய்யும் இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு என்று ஒரு வெள்ளைப் பொடி இருக்கிறது. சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டில் இருப்பது அதுதான். அது ஒரு குறைக்கடத்தி. வெளிச்சம் பட்டால் அதற்குள் இருக்கும் எலக்ட்ரான் ஒரு படி மேலே தாவும், தாவின இடத்தில் ஒரு காலியிடம் விழும். இந்த இரண்டும் சேர்ந்து தண்ணீரில் கிடக்கிற சாயம், மருந்து, எண்ணெய் எல்லாவற்றையும் உடைத்துப் போடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படி ரொம்ப உயரம். புற ஊதாக் கதிர் தள்ளினால்தான் எலக்ட்ரான் ஏறும். வெயிலில் அந்தக் கதிர் கொஞ்சம்தான், மீதியெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சூடும். விலை கூடின சீலா மீன் இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டேன் என்கிற ஆள் வீட்டில் தினமும் மலிவான சாளை மீனாக வந்து குவிகிற மாதிரி. அந்த ஆளைச் சாளை தின்னப் பழக்குவதுதான் என் வேலை.

பழக்குவதற்கு யூரியா. பொடியில் யூரியாவைப் போட்டு நைசாக அரைத்து, ஃபர்னஸில் நானூற்றைம்பது டிகிரியில் சுட்டால், யூரியாவில் இருக்கும் நைட்ரஜன் கொஞ்சம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். உயரமான படிக்கு நடுவில் ஒரு சின்னப் படி கட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். வெள்ளைப் பொடி இளமஞ்சளாக வெளியே வரும். மஞ்சளாகிவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் அது இழுக்கிறது என்று அர்த்தம். இழுத்ததை வைத்து வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி.

லேபில் என்னோடு இருந்தவள் ஸ்ரீவைகுண்டத்துக்காரி, எனக்கு ஒரு வருடம் ஜூனியர், நெல்வயல் உள்ள வீட்டுப் பெண். "எங்கப்பா யூரியா போட்டா பயிரு பச்சையாவுது, நீங்க போட்டா மஞ்சளாவுது. இதுல யாருக்கா கெட்டிக்காரங்க?" என்று வாராவாரம் கேட்பாள். வாராவாரம் நான்தான் என்று சொல்வேன்.

பெரிய லேபுகளில் இருக்கிற மாதிரி செயற்கைச் சூரிய விளக்கு எங்களிடம் கிடையாது. மொட்டை மாடி உண்டு. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை, உப்பளத்தைப் பார்த்தால் போதும். மெதிலீன் ப்ளூ என்கிற நீலச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து, அதில் பொடியைப் போட்டு பீக்கரை மாடியில் வைப்போம். பக்கத்தை எல்லாம் மறைத்துவிட்டு, மேலே ஒரு கண்ணாடித் தட்டில் சோடியம் நைட்ரைட் கரைசல். அது புற ஊதாக் கதிரைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதி வெளிச்சத்தை மட்டும் கீழே விடும். வெயிலுக்குக் கொண்டுபோகும் முன் பீக்கரை அரை மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். பொடி சும்மா இருந்தாலே கொஞ்சம் சாயத்தைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். ஒட்டுகிறது ஒட்டி முடித்த பிறகு எவ்வளவு நீலம் குறைகிறதோ அதுதான் வெளிச்சம் செய்த வேலை. அரை மணி நேரம் போதும் என்று கட்டுரைகளில் எல்லாரும் எழுதியிருந்தார்கள், நானும் எழுதினேன்.

ஆறு பேட்ச் செய்தேன். ஆறும் சோம்பேறிகள். என் கைடு மேடம் திட்டுகிற ஆள் இல்லை. கிராஃபைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், அவ்வளவுதான். அதற்குத் திட்டே வாங்கிக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மாப்பிள்ளை மணப்பாடு, கப்பலில் இன்ஜினியர், லீவில் வந்திருக்கிறார். எனக்கோ இடது கன்னத்தில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு பரு. அம்மா பீரோவிலிருந்து ஒரு சங்குத் துண்டை எடுத்துக் கொடுத்து, பால் விட்டு உரசிப் போடச் சொன்னாள். சங்கு அறுக்கிற இடத்திலிருந்து துண்டு துணுக்கு எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்கும் வந்துவிடும், பருவுக்கு எங்களுக்கு வேறு மருந்து தெரியாது. ஆனால் வீட்டுக் கல்லில் உரசினால் நறநறவென்று இருக்கும். லேபில் நான் பொடி அரைக்கிற அகேட் கல் உரல் சும்மாதானே கிடக்கிறது என்று, சாயந்திரம் எல்லாரும் கிளம்பும் நேரத்தில் சங்கை உடைத்துப் போட்டு அரைத்தேன். பவுடர் மாதிரி விழுந்தது. தேவையானதை ஒரு பொட்டலத்தில் மடித்துக்கொண்டு, மிச்சத்தை உரலிலேயே விட்டு மேலே ஃபில்டர் பேப்பர் போட்டு மூடினேன். திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

ராத்திரியோடு பரு கொஞ்சம் அடங்கியது. மறுநாள் சனிக்கிழமை அவர் வந்தார். என் வேலையைப் பற்றிக் கேட்டார், கேட்டுவிட்டு நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. திங்கட்கிழமை லேபுக்கு வந்தவளுக்குத் தலை எங்கே, கால் எங்கே என்று தெரியாது. பேப்பரை எடுத்தேன், எடை போட்ட டைட்டானியத்தை உரலில் கொட்டினேன், யூரியாவைப் போட்டேன், அரைத்தேன். வெள்ளை மேல் வெள்ளை. பொடி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. கைராசி என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் ஏழாம் நம்பர்.

ஏழாம் நம்பரை மாடியில் வைத்தோம். மூன்று மணி நேரத்தில் பீக்கரில் நீலம் என்பதே இல்லை. வெறும் தண்ணீர் மாதிரி நின்றது. ஸ்ரீவைகுண்டத்துக்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றாமலே கிராஃபை இரண்டு தடவை பார்த்தார். உடனே கட்டுரை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினோம். பொடிக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்.ஆர்.டி. படத்தில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு சின்ன முகடு இருந்தது. மேடம் விரல் வைத்துக் கேட்டார். மெஷின் கோளாறாக இருக்கும் என்று அடித்துச் சொன்னேன். எட்டும் ஒன்பதும் ஏழு மாதிரி வரவில்லை. கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஃபர்னஸ் சூடு சரியில்லை என்று அதற்கும் சொன்னேன். ஏமாற்றச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். எனக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஏழெட்டு மாதம் போனது. கல்யாணம் குறித்தாகிவிட்டது. பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்த காலமும் அந்தப் பருவத்தோடு முடிகிறது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் கமிட்டி முன்னால் செமினார். அதில் தேறினால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். தேறாவிட்டால் கால நீட்டிப்புக்குக் கெஞ்ச வேண்டும். "கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிரு. இல்லன்னா நீ முடிக்கவே மாட்ட" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். சும்மா சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே அப்படிப் பாதியில் நின்ற இரண்டு பேரை எனக்குத் தெரியும். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, வெளியே சொல்லவில்லை.

கோயிலில் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு எங்கள் இருவர் பெயரையும் பூசையில் வாசிப்பார்கள். அந்த வாரமே கன்னத்தில் பழைய இடத்தில் பழைய பரு. ஒரு சங்குத் துண்டோடு லேபுக்கு வந்து உரலை எடுத்தேன்.

"யக்கா, இது நம்ம பொடி அரைக்கிற உரல்லா?" என்றாள் ஜூனியர். "போன தடவ இதுல மிச்சம் வச்சிருந்தீங்களே. யாரு கழுவுனா?"

நீதான் என்றேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். நானும் கழுவவில்லை. கழுவாத அந்த உரலில் அடுத்து அரைத்தது ஏழாம் நம்பர்.

சங்கு என்றால் சுண்ணாம்புதான். அதில் ஆசிட் விட்டால் நுரைக்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்தாம் நம்பரில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடியில் வைத்து ஒரு சொட்டு விட்டேன். கம்மென்று இருந்தது. ஏழாம் நம்பரில் விட்டேன். புசுபுசுவென்று பொங்கியது. அந்தச் சின்ன முகடு மெஷின் கோளாறு இல்லை, என் கோளாறு.

அதோடு விட்டிருந்தால்கூட, சங்கு சேர்ந்ததால் பொடி இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று மனதைத் தேற்றியிருப்பேன். ஆனால் சந்தேகம் வந்துவிட்டதே. சாயத்தில் ஏழாம் நம்பரைப் போட்டு, மாடிக்குக் கொண்டுபோகாமல் லேபில் இருந்த இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அரை மணி நேரம் இல்லை, மூன்று மணி நேரம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை இருவரும். பீரோவைத் திறந்தபோது பீக்கரில் நீலம் இல்லை, அதே வெறும் தண்ணீர். அடியில் கிடந்த பொடிதான் நீலமாக இருந்தது. சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீரின் காரத்தன்மை கூடி, பொடி சாயத்தை மணிக்கணக்காக இழுத்துத் தன் மேல் பூசிக்கொண்டிருந்திருக்கிறது. எதையும் உடைக்கவில்லை. வெயில் என்று ஒன்று அதற்குத் தேவையே இல்லை. வெயிலை வேலைக்கு வைக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னவளின் பொடி, இருட்டு பீரோவுக்குள் அதே வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவமானமாக இருந்தது.

ஜூனியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தான் வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். செமினார் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அன்பில்தான் சொன்னாள். இன்னொரு யோசனையும் எனக்கே வந்தது. சங்குத் தூள் சேர்த்த புதுப் பொடி என்று தலைப்பை மாற்றிவிட்டால் என்ன? தூத்துக்குடிச் சங்கு என்றால் கமிட்டிக்குப் பிடிக்கவும் செய்யும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த பீரோ வந்து குறுக்கே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓலை. பங்குச் சாமியார் என் பெயரையும் அவர் பெயரையும் வாசித்து, இந்தத் திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பது தெரிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேருக்கு வாசிக்கக் கேட்டதுதான். தடை இருக்கிறது என்று யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை, காதில் விழுந்து அப்படியே போய்விடும். அன்றைக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குத் தடை இல்லை, ஆனால் தடை தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள் என்று உடம்பெல்லாம் வேர்த்தது. வெட்கப்படுகிறேன் என்று நினைத்து அம்மா தொடையில் கிள்ளினாள்.

திங்கட்கிழமை மேடம் அறைக்குள் போய் நின்றபடியே சொன்னேன்.

"மேடம், ஏழாம் நம்பர்ல சங்கு இருக்கு."

"எந்தச் சங்கு?"

"மூஞ்சிக்குப் போடுற சங்கு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். உரல், பரு, பெண் பார்த்தது, ஆசிட், பீரோ எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு கம்ப்யூட்டரைத் திருப்பி, எங்கள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கு அப்போதே எழுதினார். கீழே என் பெயருக்கு முன்னால் தன் பெயரைப் போட்டார். அந்த முகட்டைத் தானும் விட்டுவிட்டதாகச் சொன்னார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "மிச்சப் பேட்ச்ல கை சுத்தமா?"

சுத்தம் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"அப்ப அதை வச்சுப் பேசு. சாயத்தை விட்டுடு."

அவர் சொன்னது சரி. சாயம் தானே வெளிச்சத்தைக் குடிக்கும், பொடி செய்ததா, சாயமே தன்னைக் கெடுத்துக்கொண்டதா என்று பிரிப்பது பெரும்பாடு. நிறமே இல்லாத ஒன்றை எடுக்க வேண்டும். பீனால் எடுத்தோம். லேபே ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நாற ஆரம்பித்தது. ஒன்பதாம் நம்பர் பொடியைப் போட்டு ஒரு பீக்கர் மாடியில், இன்னொரு பீக்கர் பீரோவில். இரண்டுக்கும் ஒரே நேரம். காலையில் ஆரம்பித்து வெயில் சாய்கிற வரைக்கும் மணிக்கு ஒரு தடவை மாடி ஏறி இறங்கினேன். பீரோவில் இருந்ததில் பீனால் குறையவில்லை. சுடாத வெறும் வெள்ளைப் பொடியோடு மாடியில் வைத்ததும் குறையவில்லை. ஒன்பதாம் நம்பர் மாடியில் குறைந்தது. கால்வாசிகூட இல்லை, ஆனால் குறைந்தது. மறுநாளும் அதே மாதிரி குறைந்தது. மாதக்கணக்காக நான் மூலையில் தள்ளி வைத்திருந்த சோம்பேறிப் பொடி அது.

செமினாரில் முதல் படமாக ஏழாம் நம்பரைப் போட்டேன். வெளியூரிலிருந்து வந்த கமிட்டி பேராசிரியர், உரலுக்குள் சங்கு எப்படி வந்தது என்று கேட்டார். சொன்னேன். அறையே சிரித்தது. காது சுட்டது எனக்கு, ஆனாலும் குரலை இறக்கவில்லை. சிரிப்பு அடங்கினதும் அவர், "இந்த பேட்ச்சை எடுத்துட்டு மிச்சத்தை மட்டும் காட்டியிருக்கலாமேம்மா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"எங்க லேப் பீரோவுக்குத் தெரியும் சார்" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் பாஸ் போடவில்லை. இரண்டு நாள் சோதனை போதாது, பீனாலை வைத்து எல்லாப் பேட்ச்சையும் முதலிலிருந்து செய்து கொண்டுவா என்று எழுதிவிட்டார்கள். நியாயம்தான். அம்மாவிடம் சொன்னபோது அவள் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள். நான் முடிக்க மாட்டேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டது முகத்தில் தெரிந்தது.

மூன்றாவது ஓலையும் வாசித்து, கல்யாணமும் நடந்தது. சங்கு போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் இடது கன்னத்தில் அந்தப் பரு இருக்கும். நீட்டிப்புக்கு விண்ணப்பம் கொடுத்தேன். கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் லேபுக்கு வந்துவிட்டேன். அடுத்த வருடம் பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் கடைசியில் ஏழாம் நம்பருக்கென்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, முகப்பரு உட்பட.

அதற்கெல்லாம் முன்னால், கல்யாண லீவு முடிந்து கப்பலுக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அவர் லேபுக்கு வந்தார். அத்தனை ஆட்டமும் எதற்கு என்று பார்க்க வேண்டுமாம். மாடியிலிருந்து ஒரு பீக்கரையும் பீரோவிலிருந்து ஒரு பீக்கரையும் எடுத்து, பொடியைப் பிரித்துவிட்டு, தண்ணீரை மட்டும் இரண்டு குப்பியில் ஊற்றி அவர் முன் வைத்தேன். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு" என்றார்.

நீலச் சாயமாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமலே அசத்தியிருப்பேன். இதில் கண்ணுக்குக் காட்ட எனக்கு ஒன்றுமே இல்லை. தண்ணீரில் எவ்வளவு பீனால் மிச்சம் என்று அளக்கிற யூவி மெஷினுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் வைத்து இரண்டு எண்களைக் காட்டினேன். இன்ஜினியர் இல்லையா, இரண்டையும் மாற்றி வைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தார்.

"மாடியில வச்சது கொஞ்சந்தான கொறஞ்சிருக்கு?"

"கொஞ்சந்தான்" என்றேன். "பீரோவுல கொறையல."